போதும்பொண்ணும் ஒன்ஸ்மோரும்

கல்லுப்பாலம் ஜங்ஷன் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் போன நேரம் திரும்பி வர ஆரம்பித்ததற்கு முழுமுதல் காரணம் செக்ரட்டரி கனகசபாபதியின் தமிழ்ப்பற்றுதான். ஆண்டு விழாவுக்கு இந்தத் தடவை கண்ட்ரி மியூசிக் வைக்கலாம் என்று கமிட்டியில் முடிவானது. கண்ட்ரி மியூசிக் என்றால் தொப்பி போட்டுக்கொண்டு கிடாரோடு பாடுகிற வெள்ளைக்காரப் பாட்டு என்று கமிட்டியில் இருந்த ஒன்பது பேருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், ஆனாலும் மினிட் புத்தகத்தில் எழுதும்போது அவருக்குக் கை கேட்கவில்லை, 'நாட்டுப்புற இசை' என்று மொழிபெயர்த்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். பிறகு நடந்ததில் யாரையும் குறை சொல்ல முடியாது. கூட்ஸ் கார்டு மெல்வின் டிகாஸ்டாவின் பேண்டுக்கு அவரே நேரில் சொன்னார், டைப்பிஸ்ட் மினிட் புத்தகத்தைப் பார்த்து, போதும்பொண்ணு என்பவளின் நையாண்டி மேளத்துக்குக் கடிதம் போட்டார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேடையின் இந்தப் பக்கப் படியில் கிடாரும் அக்கார்டியனும் ட்ரம்ஸும் ஏறின, அந்தப் பக்கப் படியில் நாதஸ்வரமும் தவிலும் பம்பையும் உருமியும் ஏறின.

"நாலு மணி என்னுது மேன்," என்றான் மெல்வின்.

"எங்களுக்கும் நாலுன்னுதாங்க போட்டுருக்கு," என்று போதும்பொண்ணு கடிதத்தை விரித்துக் காட்டினாள்.

கனகசபாபதி இரண்டு பேரையும் பார்த்தார், முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்தார், "சேர்ந்தே வாசிச்சிருங்களேன்" என்று மைக்கில் சொல்லிவிட்டு அவசர வேலை இருப்பவர் போலப் பின்பக்கம் போய்விட்டார்.

முதல் பத்து நிமிஷம் நடந்தது கச்சேரி இல்லை, சண்டை. பம்பை ட்ரம்ஸை மிதித்தது, ட்ரம்ஸ் பம்பையை முட்டியது, மெல்வின் பாடிய ஆங்கிலத்தை இரண்டு நாதஸ்வரங்களும் சேர்ந்து காதைப் பிடித்துத் திருகின. ஆனால் பதினோராவது நிமிஷத்தில் எப்படியோ அக்கார்டியன் நாதஸ்வரத்தின் பின்னால் போய்ப் பார்த்தது, நாதஸ்வரமும் திரும்பிப் பார்த்துக் கொஞ்சம் நின்று கொடுத்தது, அந்த இடைவெளியில் போதும்பொண்ணு வளைந்த குச்சியால் உருமியின் தோலைத் தேய்த்து ஓர் உறுமல் விட்டாள் பாருங்கள், மெல்வின் கண்ணை மூடிக்கொண்டு அதே உறுமலைக் கிடாரின் தடித்த கம்பியில் தேடி எடுத்து அவளுக்கே திருப்பிக் கொடுத்தான். ஹாலில் மின்விசிறிகூட மெதுவாகத்தான் சுற்றியது.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கதை நகராது. என் பெயர் தவசிக்கண்ணு, பார்சல் ஆபீஸ் குமாஸ்தா, இன்ஸ்டிடியூட்டில் நாற்காலிக்குப் பொறுப்பு. ரயில் சத்தத்தை மீறிப் பார்சல் நம்பர் கூவிக் கூவி எனக்குத் தொண்டை அகலமாகிவிட்டது, ஆகவே எந்தக் கச்சேரியானாலும் 'ஒன்ஸ்மோர்' என்று முதல் குரல் கொடுப்பது நான்தான், நான் 'ஒன்ஸ்' என்று எடுத்தால் ஊரே 'மோர்' என்று முடிக்கும். அன்றைக்கும் பாட்டு முடிந்து உருமியின் உறுமல் இன்னும் அடங்காமல் இருக்கும்போதே எழுந்து நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

அதற்கு ஒரு நிமிஷம் முன்னால்தான் கேன்டீன் சீனிச்சாமி மைக் வயரில் தடுக்கி விழுந்து, பானையை உடைத்து, ஒரு பானை மோரையும் தரையில் கொட்டியிருந்தான். நாங்கள் 'ஒன்ஸ்மோர்' என்று கத்திய கையோடு பானை ஒட்டிக்கொண்டது, மோர் பானைக்குள் இருந்தது, சீனிச்சாமி இன்னும் கேன்டீன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான், சுவர்க் கடிகாரத்தில் ஆறு நிமிஷம் குறைந்திருந்தது, மேடையில் மெல்வின் அதே பாட்டின் முதல் கம்பியைத் தட்டினான். எல்லோருக்கும் எல்லாம் ஞாபகம் இருந்தது. சீனிச்சாமி இந்தத் தடவை வயரைப் பார்த்துக் கால் தூக்கி வைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் வந்து சேர்ந்தான்.

"மோர் மோர்னு அத்தன பேரும் கேட்டீங்க, அதான் திரும்பி வந்துருச்சு," என்று இன்றைக்கும் அவன் சாதிக்கிறான்.

மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் அந்த இரண்டு கூட்டமும் சேர்ந்தே வாசிப்பது என்று அதன்பின் கமிட்டி தீர்மானம் போட்டது. போகப்போக இதன் நெளிவு சுளிவெல்லாம் பிடிபட்டது. இரண்டு இசையும் ஒன்றாய்க் கலந்தால்தான் நேரம் திரும்பும்; கடைசிப் பாட்டு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்தான் திரும்பும்; உருமியின் உறுமல் அடங்குவதற்குள் கேட்டால்தான் திரும்பும்; ஒரு கச்சேரிக்கு ஒரு தடவைதான், இரண்டாவது தடவை தொண்டை கிழியக் கத்தினாலும் பாட்டு வருமே தவிர நேரம் வராது; உருமிச் சத்தம் கேட்கிற எல்லைவரை, அதாவது கிழக்கே லெவல் கிராஸிங், மேற்கே தண்ணீர்த் தொட்டி வரைக்கும்தான் செல்லுபடி. ஸ்டேஷன் மாஸ்டர் முதல் மாதம் அவுட்டரில் நின்றுபோன பாசஞ்சருக்குக் காரணம் எழுதத் தெரியாமல் பேனாவைக் கடித்தார், இரண்டாவது மாதம் 'ஒ.மோ. காரணமாக 6 நிமிடம்' என்று எழுதினார், மேலிடத்தில் அது ஏதோ புது சிக்னல் கருவி என்று நினைத்துக்கொண்டு யாரும் கேள்வி கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கச்சேரி முடிந்ததும் வீட்டுக்கு வீடு கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்துக்கொள்வது பல் தேய்ப்பது மாதிரி வழக்கமாகிவிட்டது.

டெய்லர் மரியசூசை விலை உயர்ந்த துணியையெல்லாம் சேர்த்து வைத்து அந்த நேரத்தில்தான் வெட்டினார். வாயைத் திறந்தால் வம்பாகிவிடும் என்று மாசம் முழுக்க அடக்கி வைத்திருந்ததை நாத்தனாரிடம் அந்த ஆறு நிமிஷத்தில் கொட்டிவிட்டு, இரண்டாவது தடவை வாயைத் திறக்காமல் இருந்த பெண்களும் உண்டு; நாத்தனார்களுக்கும் ஞாபகம் இருந்தது என்பதால் அதில் பெரிய லாபம் ஒன்றுமில்லை. ஆனால் எல்லாம் சரியாகவே நடக்கும் என்றும் சொல்ல முடியாது. கேரம் போட்டியில் ஒரே அடியில் ராணியைப் போட்ட ஃபிட்டர் இரண்டாவது தடவை ஸ்ட்ரைக்கரையே குழிக்குள் தள்ளினான். டிக்கெட் கவுன்டர் பையன் ஒருவன், எங்கள் ஊர் டீச்சரம்மாவிடம் கல்யாணம் பற்றிக் கேட்டு, அவள் 'சரி' என்று தலையாட்டி முடிக்கவும், நான் பாவி 'ஒன்ஸ்மோர்' கத்தவும் சரியாக இருந்தது. திரும்பக் கேட்கும்போது அவனுக்கு விக்கல் எடுத்துவிட்டது, அவளுக்கும் யோசிக்க நேரம் கிடைத்துவிட்டது. அந்தப் பையன் மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகுதான், கச்சேரி தொடங்கும் முன் கனகசபாபதி மைக்கில் "இன்று யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்கும் வழக்கம் வந்தது.

போதும்பொண்ணு நோட்டீஸில் தன் பெயரை 'பொண்ணு' என்று மட்டும்தான் போடச் சொல்வாள். நாலாவது பெண்ணாகப் பிறந்தவள், இத்தோடு பெண் போதும் என்று சாமிக்குச் சொல்வதற்காக அவளுடைய அப்பா வைத்த பெயர் அது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது வாத்தியார் 'போதும்' என்றதும் வகுப்பே சிரிக்குமாம். ஒரு நாள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தேன், அவள் உருமியை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள், கையிலிருந்த குச்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்க கத்துறீங்கள்ல அண்ணே, ஒன்ஸ்மோருன்னு. அது எம் பேருக்கு நேர் எதிர் வார்த்த. ஒவ்வொரு மாசமும் அதக் கேக்குறப்ப எங்கப்பாவுக்கு ஊரே சேந்து பதில் சொன்ன மாதிரி இருக்குண்ணே. அதுக்காகவே மாசம் பூரா காத்துக் கெடக்கேன்."

நான் நாற்காலியை எண்ணுவது போல நடித்தேன்.

அவளுக்கு ஒரே மகள், மாலைக்கனி. தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேன் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்து, கல்லுப்பாலத்திலேயே குவார்ட்டர்ஸில் இருந்தாள். இரண்டு தடவை பிள்ளை பெற்றாள், இரண்டு தடவையும் பிள்ளை அழவில்லை. எவ்வளவோ பார்த்தார்கள், எவ்வளவோ செய்தார்கள், அழவில்லை. மூன்றாவதாக உண்டானபோது அம்மாவும் மகளும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே பயந்தார்கள். ஒன்பதாவது மாதம், கச்சேரி ஞாயிற்றுக்கிழமை காலையில் வலி கண்டது. ரயில்வே ஆஸ்பத்திரி இன்ஸ்டிடியூட்டுக்கு அடுத்த கட்டடம், நடுவில் ஒரு வேப்பமரமும் ஒரு சுவரும்தான். பிரசவ அறை ஜன்னலில் நின்றால் எங்கள் ஹால் ஜன்னல் தெரியும்.

மத்தியானம் மூன்று மணிக்குப் போதும்பொண்ணு என்னைத் தேடி வந்தாள். கூடவே மெல்வினும் வந்தான், அவன் கையில் கார்டு வண்டியிலிருந்து எடுத்து வந்த பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் இருந்தன.

"அண்ணே, சாயங்காலத்துக்குள்ள ஆயிரும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க," என்றாள். "நேரம் நெருங்குனதும் ரெஜினா சிஸ்டர் ஜன்னல்ல கை காட்டுவாங்க, நாங்க வாசிக்க ஆரம்பிக்கிறோம். புள்ள பொறக்குற வரைக்கும் நிறுத்த மாட்டோம். அழுதுச்சுன்னா அவங்க பச்சக் கொடி காட்டுவாங்க. அழுகலேன்னா…"

அவளால் முடிக்க முடியவில்லை. மெல்வின் சிவப்புக் கொடியை லேசாகத் தூக்கிக் காட்டினான்.

"சிவப்பப் பாத்தா ஒன்ஸ்மோர் சொல்லிருங்கண்ணே. இன்னொருக்கா பெறட்டும், இன்னொருக்கா பாக்கட்டும் டாக்டரம்மா. மாலைக்கனியக் கேட்டுட்டேன், ரெண்டு தரம் வலிச்சாலும் பரவால்லம்மான்னுட்டா. ஆனா பச்சையப் பாத்தா…" அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களக் கெஞ்சிக் கேக்குறேன், வாயத் தெறக்காதீங்க. ஒரு தரம் அழுத புள்ள ரெண்டாந் தரம் அழுகும்னு யாரு கண்டா?"

நாலு மணிக்கு ஹால் நிரம்பிவிட்டது, நாற்காலி போதாமல் சுவரோரமும் நின்றார்கள், கனகசபாபதி விஷயத்தை மைக்கில் சொன்னார், எல்லோரும் தவசிக்கண்ணுவைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்றார். நானூறு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலோரம் நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் தொண்டையைப் பற்றி எனக்குப் பயம் வந்தது.

ஐந்தேகாலுக்கு ரெஜினா சிஸ்டர் ஜன்னலில் கை காட்டினார். மெல்வின் தொடங்கினான், மெதுவாக, யாரையோ எழுப்பத் தயங்குகிறவன் மாதிரி, அக்கார்டியன் மூச்சு விட்டது, நாதஸ்வரம் அந்த மூச்சை வாங்கிக்கொண்டது, பம்பையும் ட்ரம்ஸும் அன்றைக்கு ஒன்றையொன்று மிதிக்காமல் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தன, வழக்கமாக முடிகிற ஆறாவது நிமிஷம் வந்தது, முடிக்காமல் தாண்டிப் போனார்கள், பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது நிமிஷம் ஆயிற்று, முப்பது ஆயிற்று, மெல்வின் ஆங்கிலத்தை விட்டுவிட்டு வெறும் தாலாட்டு முனகலாகப் பாடினான், தவில்காரர் விரலில் மாட்டியிருந்த கூட்டில் ரத்தம் தெரிந்தது, போதும்பொண்ணு கண்ணைத் திறக்கவே இல்லை, ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை, தேய்த்தாள், தேய்த்தாள், அந்த உருமி மகளோடு சேர்ந்து முக்கியது, ஹாலில் பெற்றவர்கள் எல்லோரும் அவரவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். இப்படி ஒரு வாசிப்பை நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்கு உடம்பு முழுக்க 'ஒன்ஸ்மோர்' நிரம்பி நின்றது, கொடி எதுவானாலும் கத்திவிடுவேனோ என்று ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

நாற்பத்தோராவது நிமிஷம், எதிர் ஜன்னலில் ரெஜினா சிஸ்டர் வந்து நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையைத் தூக்கினார். சிவப்புக் கொடி.

நான் கையைத் தட்டினேன், வாசிப்பு நின்றது, உருமி மட்டும் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. போதும்பொண்ணு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், என் முகத்திலேயே கொடியின் நிறத்தைப் பார்த்துவிட்டாள். நான் மூச்சை இழுத்தேன், நானூறு பேரும் மூச்சை இழுத்தார்கள்.

"ஒன்ஸ்—"

அப்போதுதான் வேப்பமரத்தைத் தாண்டி அது கேட்டது. முதலில் ஒரு தும்மல். பிறகு, யாரோ தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று கோபப்படுகிற மாதிரி, ஒரு நீளமான, கரகரப்பான அழுகை.

நான் மோரை விழுங்கினேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நாக்கு நுனிவரை வந்துவிட்ட அந்த இரண்டெழுத்து மோரை அப்படியே, கண்ணில் நீர் தெறிக்க, உள்ளே விழுங்கினேன். எனக்குப் பின்னால் நானூறு பேரும் விழுங்கினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டார், டெய்லர் மரியசூசை பக்கத்தில் இருந்தவரின் வாயைப் பொத்தினார், கனகசபாபதி மைக்கின் மேலேயே உட்காரப் பார்த்தார். உருமி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. யாராவது ஒருவர், வாய் தவறி ஒரே ஒருவர் முடித்திருந்தால் அந்த அழுகை வந்த வழியே திரும்பிப் போயிருக்கும். யாரும் இருமவில்லை. எதிர் ஜன்னலில் சிவப்புக் கொடி கீழே விழுந்து பச்சைக் கொடி பைத்தியம் பிடித்தது போல ஆடியது.

போதும்பொண்ணு உருமியின் தோல்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். உறுமல் அடங்கியது. போன நேரம் போய்விட்டது.

அவள் தோலிலிருந்து கையை எடுக்கவில்லை. தோள் குலுங்க, எதிரே இருந்த மைக்கைப் பற்றி நினைப்பே இல்லாமல், "போதும்," என்றாள். "போதும் சாமி. இது போதும் எனக்கு."

ஸ்பீக்கர் வழியாக அது ஹால் முழுக்கக் கேட்டது. நாங்களோ நாற்பத்தோரு நிமிஷத்தை நெஞ்சுக்குள் அடைத்து வைத்துக்கொண்டு, நன்றி சொல்லவும் வழியில்லாமல், கத்த வேண்டிய வார்த்தையைக் கத்தவும் முடியாமல் வெடிக்க இருந்தோம். எனக்கு அந்த வார்த்தைதான் கிடைத்தது. நிமிர்ந்து நின்று, பார்சல் ஆபீஸ் கூரை அதிரக் கூவுகிற அதே குரலில், "போதும்!" என்று கத்தினேன். ஊரே எடுத்துக்கொண்டது. போதும், போதும், போதும் என்று கைதட்டி, காலைத் தரையில் உதைத்து, அழுதுகொண்டு கத்தினோம், மெல்வினும் கத்தினான், தவில்காரரும் கத்தினார். நாங்கள் அவளுடைய பெயரைத்தான் கத்திக்கொண்டிருக்கிறோம் என்பது எங்களுக்கு உறைக்கும் முன்னால் அவளுக்கு உறைத்துவிட்டது. தலையை நிமிர்த்திப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குச் சொல்கிற மாதிரி, சின்னக் குரலில், "உள்ளேன்," என்றாள். பிறகு மேடையிலிருந்து குதித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"முழுங்குன மோரு எப்புடி இருந்துச்சு?" என்று சீனிச்சாமி ஒரு டம்ளரை நீட்டினான். வாங்கிக் குடித்தேன். அவ்வளவு நல்ல மோரை அவன் அதற்குப் பிறகு ஊற்றவே இல்லை.

பெண் குழந்தை. பிறப்பைப் பதிய மாலைக்கனி போனபோது, பதிவு அலுவலகத்தில் இருந்தவர் பெயரைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாராம்.

"ஏம்மா, இந்தக் காலத்துலயுமா? பொம்பளப் புள்ள வேணாம்னு இப்படியா பேரு வைப்பீங்க?"

"வேணாம்னு இல்ல சார். எங்கம்மா பேரு. எங்க ஊர்ல அதுக்கு வேற அர்த்தம்," என்றாள் மாலைக்கனி.

உண்மைதான், வேறு அர்த்தம் வந்துவிட்டது. மனசு நிறைந்தால் எங்கள் ஊரில் இப்போது 'போதும்' என்றுதான் கத்துகிறோம். வெளியூரிலிருந்து வந்த ஒரு பாட்டுக் கோஷ்டி இது தெரியாமல் கோபித்துக்கொண்டு மூட்டை கட்டிவிட்டது, மெல்வின்தான் பிளாட்ஃபாரம் வரைக்கும் ஓடிப்போய் விளக்கி அழைத்து வந்தான். நோட்டீஸில் பெயரை முழுசாகப் போடச் சொல்லி அவளே வந்து கேட்டாள், பெயின்டருக்கு இடம் போதாமல் கனகசபாபதியின் பெயரைச் சுருக்க வேண்டியதாயிற்று.

சின்னப் போதும்பொண்ணுக்கு இப்போது நாலு வயது. முன்வரிசையில், ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பக்கத்தில், கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்திருப்பாள். பாட்டு முடிந்து உருமி உறுமிக்கொண்டிருக்கும்போது இப்போதெல்லாம் நான் வாயைத் திறப்பதில்லை, அந்த வேலையை விட்டுவிட்டேன். மேடையில் அவளுடைய அம்மாச்சி குச்சியை நிறுத்தி, தோலில் கை வைக்காமல், அவளையே பார்த்துக் காத்திருப்பாள். கனகசபாபதி ஆட்சேபணை கேட்டாயிற்று, யாருக்கும் இல்லை. வேப்பமரத்தைத் தாண்டி அன்றைக்குக் கேட்டோமே, அதே கரகரத்த குரலில், நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டு, போதும்பொண்ணு "ஒன்ஸ்மோர்!" என்று கத்துகிறாள்.